பொம்மைச் சிப்பாயின் தலைப்பாகை



கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதியில், மலையடிவாரத்தை ஒட்டி அமைந்திருப்பது எங்கள் கூடலூர். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு என் இல்லாள் வீட்டில் கொலு வைப்பது வழக்கம். மேற்படிகளில் தெய்வ உருவங்களும், கீழ்ப்படியில் செட்டியார் கடையும், பாண்டு வாத்தியக்காரர்களும் இடம்பெறுவர். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கீழ்ப்படியில் புதிதாக ஒரு கூட்டம் குடியேறியிருக்கிறது. கட்டை விரல் உயரம்கூட இல்லாத போர்வீரர்கள் அவர்கள். சுண்டல் வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "தலைமையாசிரியராக இருந்தவர் இந்த வயதில் பொம்மை வைத்து விளையாடலாமா?" என்று என்னைக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேள்விக்கு இன்று உங்கள் முன்னிலையில் விடை கூற விரும்புகிறேன்.

முதலில் இக்கலை யாது என்பதைக் காண்போம். ஐரோப்பாவை 1803 முதல் 1815 வரை அலைக்கழித்த போர்களை நெப்போலியன் போர்கள் என்று வரலாற்றாசிரியர் வழங்குவர். அப்போர்களில் கலந்துகொண்ட வீரர்களின் உருவங்களை ஈயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்து, அவரவர் படைப்பிரிவுக்கு உரிய வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுக்கச் செய்து, அளவு நாடாவும் பகடையும் கொண்டு விதிமுறைப்படி போராட்டம் நடத்துவது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சதுரங்கத்தின் தம்பி என்று இதனைக் கூறலாம்.

இதன் பிறப்பு விளையாட்டில் அன்று, படைப்பயிற்சியில் ஆகும். பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டு தம் மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து அளித்தார். அவர் மகன் அதனைத் திருத்தி 1824-ஆம் ஆண்டு விதிநூலாக வெளியிட்டார். அதிகாரிகள் அதனைக் கொண்டு படை நடத்தப் பழகினர். 1893-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார், உள்ளே கூடாக இருக்கும் ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டனர். ஈயம் குறைந்தது; விலையும் குறைந்தது; பொம்மைப் படை நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர் கைக்கும் எட்டியது. 1913-ஆம் ஆண்டு எச். ஜி. வெல்ஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் 'சிறு போர்கள்' என்னும் பொருள்பட ஒரு விதிநூலை எழுதினார். பொம்மைப் போரில் ஈடுபடுகிறவன் மெய்ப்போரை விரும்பமாட்டான் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கலையில் எவ்வளவு உண்மை நாட்டம் இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கில அதிகாரி, 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நிகழ்ந்த வாட்டர்லூப் போர்க்களத்தை அப்படியே சிறிதாக்கிக் காட்ட முற்பட்டார். 1830-ஆம் ஆண்டு அக்களத்திலேயே எட்டு மாதம் தங்கி, மேட்டையும் பள்ளத்தையும் அளந்தார். போரிட்டு உயிர் பிழைத்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, "மாலை ஏழு மணிக்கு உமது படை எங்கே நின்றது? எதிரே என்ன பயிர் விளைந்திருந்தது?" என்றெல்லாம் வினவினார். ஏறத்தாழ 75,000 சிற்றுருவங்கள் கொண்ட அவ்வமைப்பு 1838-ஆம் ஆண்டு இலண்டனில் காட்சிக்கு வந்தது. இன்று அந்நகரின் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரஷ்யப் படைக்கு அவர் அளித்த இடம் வெலிங்டன் பிரபுவுக்கு உவப்பாக இல்லை. பொம்மையை எங்கே நிறுத்துகிறோம் என்பதுகூட, வெற்றி யாருக்கு உரியது என்னும் வழக்காக மாறிவிட்டது!

"இவையெல்லாம் ஐரோப்பியர் கதை, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. எகிப்தில் இறங்கியிருந்த நெப்போலியன் 1799-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அவ்வாண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. அங்கே ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஆர்தர் வெல்லெஸ்லியே பிற்காலத்தில் வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன். மொரீசியசுப் பகுதித் தீவுகளைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கவர்ந்த 1810-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் சென்னைப் படைச் சிப்பாய்களும் கப்பலேறினர். ஆகவே நம் நாட்டுச் சிப்பாயும் நெப்போலியன் காலத்து வீரனே. ஆயினும் வெளிநாட்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது, அதில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர், ஆங்கிலேயர் இருந்தனர், நம்மவர் ஒருவரும் இல்லை. அப்பொழுதுதான் ஆங்கிலேய வீரனைச் சென்னைச் சிப்பாயாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

சேகரிப்பவர் முதலில் அளவை உறுதி செய்தல் வேண்டும். 54 மில்லிமீட்டர் உயர உருவம், 170 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதனைச் சற்றேறக்குறைய 31 பங்கு சிறிதாக்கியது. மேசைப்போருக்குப் பெரிதும் பயன்படும் 28 மில்லிமீட்டர் உருவமோ 60 பங்கு சிறிதாக்கியது. இரண்டையும் கலந்து நிறுத்தினால் தந்தையரும் மழலையரும் போரிடுவது போல் தோன்றும். கணக்கு ஆசிரியர் விகிதசமம் கற்பிக்க இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

அடுத்தது மாற்றியமைத்தல். வாட்டர்லூ ஆங்கில வீரன் உயர்ந்த தொப்பியும் நீண்ட காற்சட்டையும் அணிந்தவன். அக்காலச் சென்னைச் சிப்பாயோ அதே சிவப்புச் சட்டையும் மார்பில் குறுக்கிடும் வெள்ளை வார்களும் பூண்டிருந்தாலும், தொடையளவே நிற்கும் குட்டைக் காற்சட்டை அணிந்து, வெறுங்காலில் செருப்புடன் நடந்தவன், தலையில் தலைப்பாகை. எனவே தொப்பியைக் கூரிய கத்தியால் சீவ வேண்டும். காற்சட்டையின் மடிப்புகளை அரத்தால் தேய்த்துக் கெண்டைக்காலாக்க வேண்டும். குழாய் ஒழுகலை அடைக்க இரு கூறுகளைச் சேர்த்துப் பிசைவோமே, அந்த எம்-சீல் பசையை நூல்போல் உருட்டித் தலையில் சுற்றினால் தலைப்பாகை அமையும். விரலை நனைத்துக்கொண்டால் பசை ஒட்டாது. ஈய உருவமாயின் தேய்த்த தூளை உணவருகே விடாமல் துடைத்துக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், ஈயம் நஞ்சு.

பின்னர் வண்ணம் தீட்டுதல். உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசையை நீக்கினால்தான் வண்ணம் பிடிக்கும். நான் கழுவாமல் தீட்டிய முதற்படை ஒரே வாரத்தில் பாம்பு சட்டை உரிப்பது போல் உரிந்துபோயிற்று. உருவத்தைப் புட்டி மூடி ஒன்றில் ஒட்டிக்கொண்டு, அடிப்பூச்சு ஒன்று கொடுத்து உலரவிட வேண்டும். எஞ்சிய முறையை மதுரையை அடுத்த விளாச்சேரியில், கொலுப் பொம்மை செய்யும் குயவர் ஒருவர் அருகே அமர்ந்து கற்றேன். முதலில் உடல் நிறம், பிறகு ஆடை, அதன் பிறகு அணி, இறுதியில் கண் என்பது அவர் வைத்திருந்த வரிசை. உள்ளிருப்பதை முதலிலும் மேலிருப்பதைப் பின்னரும் தீட்டினால் பிசகு நேர்ந்தாலும் மறைந்துவிடும் என்றார். சட்டை மடிப்பின் பள்ளத்தில் கருஞ்சிவப்பும், மேட்டில் வெளிர்சிவப்பும் இட்டால் 28 மில்லிமீட்டர் உருவத்திலும் வெயில் படுவது போல் தோன்றும்.

இவ்வாறு பன்னிரண்டு சிப்பாய்களைச் செய்து முடித்து, 'வேலூர், 1806' என்று அட்டை எழுதிக் கொலுவில் நிறுத்தினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை அடுத்த தெருவைச் சேர்ந்த, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, இவர்கள் நெற்றியில் குறி இல்லையே; காதில் கடுக்கனும் இல்லையே. ஆணைக்குப் பணிந்த சிப்பாய்களா, பணியாத சிப்பாய்களா?" என்று கேட்டாள்.

நான் விடை கூற இயலாமல் நின்றேன்.

அவள் கேட்டதன் பொருளை விளக்குகிறேன். 1805-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிராடக் காலத்தில் புதிய விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது சிப்பாய் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழிக்க வேண்டும், மீசை குறித்த அளவில் இருக்க வேண்டும். இவற்றோடு தோற்குஞ்சம் பொருந்திய புதிய தலைப்பாகையும் வந்தது. அது ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. எந்த விலங்கின் தோலோ என்று இந்துவும் இசுலாமியரும் ஒருங்கே அஞ்சினர். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஐரோப்பியப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். அதன்பின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பலர் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டனர். பிறகு அந்தத் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807-ஆம் ஆண்டு திருப்பி அழைக்கப்பட்டனர். அதே கில்லெஸ்பி 1811-ஆம் ஆண்டு ஜாவாவில் நெப்போலியன் தரப்புப் படையை எதிர்த்துத் தாக்குதலை நடத்தினார். ஒரே காலம், ஒரே மேசை என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

திப்புவின் மக்கள் கோட்டையில் இருந்ததும், ஆட்சி இழந்தோரின் மனக்குமுறலும் கிளர்ச்சிக்குக் காரணங்கள் என்று ஆய்வாளர் கூறுவர். தலைப்பாகை ஒன்றே காரணம் என்று நான் கூற வரவில்லை. ஆனால் நான் முப்பது ஆண்டுகள் இப்பாடத்தை எவ்வாறு நடத்தினேன் தெரியுமா? "காரணங்கள்: ஒன்று, புதிய தலைப்பாகை, இரண்டு, சமயக்குறித் தடை" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மாணவர் மனப்பாடம் செய்தனர். இரண்டு மதிப்பெண் பெற்றனர். அந்தத் தலைப்பாகைக்குக் கீழே ஒரு முகம் இருந்தது என்பதை நானும் எண்ணவில்லை, அவர்களையும் எண்ணச் செய்யவில்லை.

பொம்மைகளில் குறியும் கடுக்கனும் ஏன் விடுபட்டன? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காது மிகச் சிறிது, என் கண்பார்வை ஒத்துழைக்கவில்லை, சோம்பலால் விட்டுவிட்டேன். ஆக, எதற்காக அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்களோ அதனை என் சோம்பல் அழித்துவிட்டது. கிராடக்கின் ஆணையை இருநூறு ஆண்டுக்குப் பின்னர் அவர்கள்மேல் நான் நிறைவேற்றியிருந்தேன்.

மறுநாள் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். பன்னிருவரில் அறுவரை எடுத்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் சிலருக்குத் திருநீறும் சிலருக்குத் திருமண்ணும் இட்டேன். சிலரைத் தாடியுடன் அமைத்தேன். ஊசிமுனையால் மஞ்சள் புள்ளி வைத்துக் கடுக்கன் பூட்டினேன். அவர்களுக்கு '1805, ஆணைக்கு முன்' என்று அட்டை எழுதினேன். எஞ்சிய அறுவரின் தலைப்பாகையில் சிறு குஞ்சம் சேர்த்து '1806, ஆணைக்குப் பின்' என்று எழுதினேன். இரு வரிசையும் எதிரெதிரே நின்றன. அந்தப் பெண்ணை அழைத்துக் காட்டினேன். அவள் இரு வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முகமே மாறிப்போச்சே, ஐயா!" என்றாள். முப்பது ஆண்டுப் பாடத்தில் நான் சொல்லத் தவறியதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

மாணவச் செல்வங்களே, விலையுயர்ந்த பெட்டிகள் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. களிமண் போதும், பழைய பிளாஸ்டிக் பொம்மையும் போதும். வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2006-ஆம் ஆண்டு வெளிவந்த அஞ்சல் தலையைத் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு சிப்பாயைச் செய்யுங்கள். ஆனால் தூரிகையைத் தொடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை தேடுங்கள்: இவன் யார்? எந்த ஊரில் நிற்கிறான்? எந்த ஆண்டில் நிற்கிறான்? மூன்றாவது வினாவை மறந்தவன் என்ன தவறு செய்வான் என்பதற்கு நானே சான்று.

இந்த ஆண்டும் கொலுவில் அவர்கள் நிற்பார்கள். கூடலூர்ப் பக்கம் வருவோர் வந்து காணலாம். பிழை கண்டால் தயங்காமல் கேளுங்கள். கத்தியும் தூரிகையும் பக்கத்திலேயே இருக்கின்றன.