தாய்க்கு நோய் கண்டால் சேயைப் பிரிப்பதா?

பிள்ளைப்பேறு நெருங்கிய வேளையிலே தாய்க்குக் கொப்புளிப்பான் கண்டுவிட்டால் வீடே கலங்கிவிடும். வாசலிலே வேப்பிலை செருகப்படும். அம்மாள் வந்திருக்கிறா என்று அயலுக்குச் செய்தி போகும். "பிள்ளையைத் தாயின் பக்கத்திலே விடாதேயுங்கோ, பாலும் கொடுக்க வேண்டாம்" என்று வீட்டு முதியவர் ஒருவர் கட்டளையிடுவார். "பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறதோ?" என்று இன்னொருவர் வாதாடுவார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆயினும், எல்லா நோய்க்கும் பொருந்துகின்ற ஒரே விடை இக்கேள்விக்கு இல்லை. வைரசு எனப்படும் நுண்கிருமிகள் யாவும் ஒரே வழியாகத் தாயிடமிருந்து சேயிடம் செல்வதில்லை. ஒன்று மூச்சுக்காற்றோடு செல்லும். ஒன்று பேற்றின்போது இரத்தத்தின் வழியே செல்லும். இன்னொன்று பாலிலும் கலந்து வரும். எந்த வழி என்று அறிந்து அதனை அடைத்துவிட்டால், பல வேளைகளில் இருவரையும் பிரிக்கவேண்டிய தேவையே எழாது.

கொப்புளிப்பானையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டில் உலகினின்றும் ஒழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்ட வைசூரி வேறு, இது வேறு. பெரும்பாலான சிறுவர்களுக்கு இது தானே வந்து தானே மாறும் வருத்தம். ஆனால் புதிதாய்ப் பிறந்த சிசுவின் நிலை அவ்வாறன்று. இங்கே எல்லாம் ஒரு திகதியைப் பொறுத்திருக்கின்றது. தாயின் உடலில் நோய்க்கு எதிராக உண்டாகும் பிறபொருளெதிரி என்னும் காப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தையைச் சென்றடைகின்றது. அது போதிய அளவில் உருவாகிச் சென்று சேர்வதற்குக் கொப்புளம் தோன்றிய நாளிலிருந்து ஒரு வாரம் வரை வேண்டும். பேற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாகத் தாய்க்கு நோய் கண்டிருந்தால், குழந்தைக்குக் கிருமி சென்றிருந்தாலும் காப்பும் கூடவே சென்றிருக்கும். பேற்றுக்கு முந்திய ஐந்து நாட்களுக்கும் பிந்திய இரண்டு நாட்களுக்கும் இடையிலே முதற் கொப்புளம் தோன்றினாலோ, கிருமி வந்து சேர்ந்திருக்கும். காப்பு வந்து சேர்ந்திராது. இந்த எல்லையை இருபுறமும் ஏழு நாட்களாக விரித்துக்கொள்ளும் நாடுகளும் உண்டு. தக்க மருந்துகள் இல்லாத காலத்தில், இவ்விடைவெளியில் அகப்பட்டு நோயுற்ற சிசுக்களில் நூற்றுக்கு முப்பது வரை இறந்தன என்று பழைய மருத்துவக் கணக்குகள் கூறுகின்றன.

இன்று அத்தகைய சிசுவுக்குப் பிறந்தவுடனேயே, காப்புப் பொருள் செறிந்த ஊசிமருந்து ஏற்றப்படும். தாய் கொடுக்கத் தவறியதன்று, கொடுக்க நேரம் போதாதிருந்ததை வைத்தியர் கொடுக்கின்றார் என்று கொள்ளலாம். அதனையும் மீறிக் கொப்புளம் தோன்றினால் அசைக்ளோவிர் என்னும் மருந்து உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் வைத்தியருக்கு முதலில் தெரியவேண்டியது, தாயின் உடலிலே முதற் கொப்புளம் எழும்பிய நாள் எது என்பதே. அம்மாளின் பெயரால் அந்நாளை மறைத்து, மூன்றாம் தண்ணீர் வார்த்த பின்னர் சொல்லலாம் என்று காத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. வேப்பிலை செருகுவதிலே கெடுதல் ஒன்றுமில்லை; வந்துபோகும் கூட்டத்தை அது தடுக்குமாயின் நன்மையே. திகதியை மறைப்பதுதான் ஆபத்து.

இந்நோயிலே தாயையும் சேயையும் கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வெவ்வேறாக வைப்பதா என்பதில் வைத்தியர்களிடையே வழக்கம் வேறுபடும். ஊசிமருந்து ஏற்றியபின் சேர்த்தே வைப்போரும் உளர். எவ்வாறாயினும் பாலை நிறுத்தவேண்டியதில்லை. மார்பிலே கொப்புளம் இல்லாவிடத்து, பாலைப் பிழிந்தெடுத்து நோயற்ற வேறொருவர் ஊட்டலாம்.

பிரிப்பதா சேர்ப்பதா என்ற கேள்வி உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஆட்டிப்படைத்தது 2020ஆம் ஆண்டிலே, கொவிட் நோய் பரவியபோது. அந்நோயைப்பற்றி எவருக்கும் எதுவும் உறுதியாய்த் தெரியாத முதல் மாதங்களில், சீன நிபுணர்கள் நோயுற்ற தாயின் குழந்தையைப் பதினான்கு நாட்கள் தனியே வைக்கும்படியும் தாய்ப்பால் கொடாதிருக்கும்படியும் கூறினர். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் தற்காலிகமாகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு என்றது. உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச்சிலேயே வேறு விதமாகக் கூறியிருந்தது: தாய் முகக்கவசம் அணிந்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டு, பிள்ளையைத் தன்னருகே வைத்துப் பால் கொடுக்கலாம் என்பதே அதன் ஆலோசனை.

எது சரி என்பதற்கு நியூ யோர்க் நகரிலிருந்து ஒரு விடை கிடைத்தது. அங்கே மூன்று மருத்துவமனைகளில், 2020 மார்ச் முதல் மே வரையில், நோயுற்றிருந்த 116 தாய்மார் 120 குழந்தைகளைப் பெற்றனர். பெரும்பாலான குழந்தைகள் தாயின் அறையிலேயே, மூடிய கண்ணாடித் தொட்டிலில் வைக்கப்பட்டனர். பாலூட்டும்போது மட்டும் தாய் முகக்கவசத்துடன், கைகளையும் மார்பையும் கழுவிக்கொண்டு அணைத்தாள். பிறந்த முதல் நாட் சோதனையில் ஒரு குழந்தைக்கேனும் நோய் காணப்படவில்லை. தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட எண்பத்திரண்டு குழந்தைகளில், ஒரு வாரத்தின்பின் மீண்டும் சோதிக்கப்பட்டவர்களிலும் எவருக்கும் நோய் இல்லை. அவ்வாண்டு ஜூலையிலேயே அமெரிக்கக் கழகம் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. சாஸ்திரம் தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்வதைக் குறையாகப் பேசுவோர் உளர். எனக்கோ அதுவே அதன்மேல் நம்பிக்கையைத் தருகின்றது.

ஆயினும் அதற்கிடையிற் பல நாடுகளிலே பிரித்துவைத்தல் வழக்கமாகிவிட்டது. அதனால் மிகவும் துன்புற்றவை குறைமாதக் குழந்தைகள். எடை குறைந்த சிசுவைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டி, அவளுடைய உடற்சூட்டிலேயே வளர்க்கும் முறை ஒன்று 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலே, கண்ணாடிப் பெட்டிகள் போதாமையால் தொடங்கப்பட்டது. கங்காரு தன் குட்டியை மடியிலே சுமப்பதைப் போன்றதாகையால் அதற்குக் கங்காருப் பராமரிப்பு என்று பெயர். கொவிட் அச்சத்தால் தாயும் சேயும் பிரிக்கப்பட்ட இடங்களில் அதுவும் நின்றுபோயிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2021 மார்ச்சில் ஒரு கணக்கை வெளியிட்டது. எங்கும் கங்காருப் பராமரிப்பு கிடைக்குமாயின் 125,000க்கு மேற்பட்ட சிசுக்களின் உயிரைக் காக்கலாம். அவ்வாறு சேர்த்து வைப்பதால் கொவிட் தொற்றி இறக்கக்கூடிய சிசுக்களோ இரண்டாயிரத்துக்கும் குறைவு. குறைமாதக் குழந்தைக்குத் தாயின் மார்புச் சூடு இல்லாமையே கிருமியைவிடப் பல மடங்கு கொடிதாயிற்று.

தாயைப் பிரிப்பதால் எள்ளளவும் பயன் தராத நோய் ஒன்றும் உண்டு. அது ஈரலைத் தாக்கும் பீ வகைச் செங்கமாரி. 1965இல் புளும்பேர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி அவுஸ்திரேலிய ஆதிவாசி ஒருவருடைய இரத்தத்திலே கண்ட புதிய பொருளே இக்கிருமியின் அடையாளம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வளர்ந்தவரைத் தொற்றினால் பெரும்பாலும் மாறிவிடும் இக்கிருமி, பேற்றின்போது சிசுவைத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேரில் ஆயுள் முழுவதும் தங்கிவிடும்; பல ஆண்டுகளின்பின் ஈரற் புற்றுநோயாகவும் முடியலாம். கிருமி செல்லும் வழி பேற்று இரத்தமாகையால், தொட்டிலைத் தூர வைத்து ஆவதொன்றுமில்லை. செய்யவேண்டியது, பிறந்து இருபத்துநான்கு மணித்தியாலங்களுக்குள் தடுப்பூசி. கூடவே, இயலுமான இடங்களிற் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் காப்பு ஊசி. தாய்வான் தேசம் 1984இல் சிசுக்களுக்கு இத்தடுப்பூசியை ஏற்றத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் அங்கே ஆறு முதற் பதினான்கு வயது வரையான சிறுவரிடையே ஈரற் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஊசி ஏற்றியபின் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

எச்.ஐ.வி. கிருமியின் கதை சற்று வேறு. அது பாலிலும் வரும். எனினும் 1994இல், தாய்க்கும் சேய்க்கும் மருந்து கொடுத்தால் தொற்றுதல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று கண்டறிந்த நாள்முதல் நிலைமை மாறிற்று. கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து, வேண்டியவர்களுக்கு மருந்து கொடுத்துவந்த இலங்கை, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. கிளினிக்கிலே இரத்தம் எடுக்கும்போது முகஞ் சுளிக்கும் கர்ப்பிணிப் பெண்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

சிறியதென எண்ணி நாம் கவனியாது விடுவது உதட்டிலே தோன்றும் நீர்க்கொப்புளம். வளர்ந்தவர்க்கு ஒரு கிழமை எரிச்சல். பச்சைக் குழந்தைக்கோ அதே கிருமி மூளையையும் ஈரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உதட்டிலே கொப்புளம் உள்ள தாய் முகக்கவசம் அணிந்து பால் கொடுக்கலாம். கொஞ்சுதல் மட்டும் ஆகாது. இது தாய்க்கு மட்டுமன்று. பிள்ளை பார்க்க வரும் மாமிக்கும் பெரியப்பாவுக்கும் அதுவே விதி. முப்பத்தொரு நாள் துடக்கு என்று நம் முன்னோர் வகுத்த வழக்கத்துக்கு அவர்கள் கூறிய காரணம் வேறாயினும், கண்டவரெல்லாம் பச்சைக் குழந்தையை வாரியெடுத்துக் கொஞ்சாதபடி அது காத்ததும் உண்மையே.

வைத்தியர் தக்க காரணம் கூறிப் பிரித்துவைக்கும்படி சொன்னால், அந்நாட்களிலே பால் வற்றிவிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். பிள்ளை குடிக்கக்கூடிய அளவு தடவை, அதாவது இராப்பகல் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எட்டுத் தடவையேனும், கைகளைக் கழுவிக்கொண்டு பாலைப் பிழிந்தெடுக்க வேண்டும். முதல் மூன்று நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் ஒரு தேக்கரண்டியளவே தேறினும் அதனைக் கொட்டலாகாது; சுத்தமான கோப்பையிலே ஏந்திப் பிள்ளைக்கு ஊட்டலாம். இரவு வேளையில் தாயை எழுப்பிவிடுவதும், கோப்பையைக் கொதிநீரிற் கழுவி வைப்பதும் வீட்டில் உள்ள மற்றவர்களின் வேலை. அதனைத் தகப்பனே செய்யலாம்.