மகளுக்கும் மனைவிக்கும் உயிலில் இடம் உண்டா?

நள்ளிரவில் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டால், யாரோ ஒருவர் மரணத் தறுவாயில் இருக்கிறார் என்று பொருள். நற்கருணையையும் திரு எண்ணெயையும் எடுத்துக்கொண்டு விரைவோம். பூசுதல் முடிந்து, முழந்தாளிட்டிருந்தோர் எழுந்ததும், சில வீடுகளில் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாள் வெளிவரும். "சாமி, அப்பா கைநாட்டு வைக்கிறார், நீங்களும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். அத்தகைய தாளில் நான் ஒருபோதும் கையெழுத்திட்டதில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை. பங்குக் குரு சொத்துப் பங்கைப் பற்றி எழுதுவதா என்று நகைக்க வேண்டாம். ஒரே கோவிலில் பூசை கண்டு, வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது செல்லும் உடன்பிறப்புகள் எல்லாப் பங்குகளிலும் இருக்கின்றனர்.

செட்டிகுளத்தை அடுத்து மூன்று ஏக்கர் நிலமும், ஒரு கிணறும், வெங்காயப் பட்டறையும் உடைய கத்தோலிக்கக் குடியானவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு மனைவியும், இரு ஆண்மக்களும், இரு பெண்மக்களும் உண்டு. அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஏக்கர், மனைவியைச் சேரும். எஞ்சிய இரண்டு ஏக்கரை மக்கள் நால்வரும் ஆளுக்கு அரை ஏக்கராகப் பெறுவர். இதில் ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை. நகை போட்டுச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே என்பர் சிலர். தந்தை வாழுங்காலத்தில் பிள்ளையின் முன்னேற்றத்துக்கென்று கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதே சட்டம் கூறுகிறது. மகளின் சீரைக் கணக்கிடுவோர் மகனைக் கல்லூரியில் படிக்கவைத்த செலவை ஏனோ கணக்கிடுவதில்லை!

இனி, பலரும் அறியாத செய்தி ஒன்று. நம் இந்துச் சகோதரர்களின் கூட்டுக் குடும்பத்தில், பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. மகளுக்கும் அவ்வுரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் சட்டத் திருத்தங்களால் கிடைத்தது. கிறிஸ்தவருக்கு அத்தகைய பிறப்புரிமை இல்லை. தந்தை தமக்குரிய சொத்து முழுவதையும் தாம் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். ஐம்பது ஆண்டு உடன் உழைத்த மனைவிக்கு ஒரு சென்ட் நிலமும் வைக்காமல் எழுதினாலும் சட்டம் தடுப்பதில்லை. எனவே, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் குடும்பத்தில் நீதி நிலைக்க, முறையாக உயில் எழுதிய தந்தையின் குடும்பத்தில் தாயும் மகளும் வெறுங்கையராய் நிற்கும் நிலை நேரக்கூடும்.

மேரி ராய் என்னும் அம்மையாரின் வழக்கை மறந்துவிடலாகாது. திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே அளித்தது. அம்மையாரின் தந்தையும் உயில் எழுதாமல் இறந்தவரே. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடி, 1986 பிப்ரவரியில் தீர்ப்புப் பெற்றார். 1951 முதலே அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் செல்லும் என்பது அத்தீர்ப்பு. 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த கன்னியாகுமரிக் குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். ஆயினும், அவர் போராடிப் பெற்ற சம பங்கை ஒரு தந்தை ஒரே தாளில் இல்லாமற் செய்துவிட முடியும்.

குருக்களாகிய எங்களைப் பற்றியும் சட்டம் ஒரு காலத்தில் ஐயம் கொண்டிருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறச் செயலுக்கோ திருச்சபைக்கோ சொத்தை எழுதிவைத்தால், அவ்வுயில் சாவுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டு, ஆறு மாதத்துக்குள் உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது 118-ஆம் பிரிவு. மரணப் படுக்கையில் மனம் கலங்கியவரிடம் எழுதி வாங்கிவிடுவார்களோ என்னும் அச்சத்தில், இங்கிலாந்து நாட்டுச் சட்டங்களைத் தழுவிப் பிறந்த விதி அது. கேரளக் குருவாகிய ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. கிறிஸ்தவருக்கு மட்டும் ஒரு தடை விதித்தது பாகுபாடு என்பதால் தீர்ப்பு நியாயமானதே. எனினும், அந்தப் பழைய அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பூசுதல் அளிக்கும் கை சொத்துத் தாளில் சாட்சியிடலாகாது என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட விதி. கோவிலுக்கு எழுத விரும்புவோர், நடமாடும் வலிமையோடு இருக்கையில், மனைவி மக்கள் அறிய எழுதட்டும்.

எழுதும் முறை கடினமானதன்று. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் தெளிந்த மனத்தோடு கையொப்பமிட, அதனைக் கண்ட இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுபவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கலாகாது. நல்லெண்ணத்தோடு மருமகன் சாட்சியிட்டால், உயில் நிற்கும். மகளுக்கு எழுதிய பங்கு மட்டும் போய்விடும்! உயிலுக்குப்பின் திருமணம் செய்துகொண்டால் முந்திய உயில் தானே ரத்தாகும். மனைவியை இழந்து மறுமணம் செய்வோர் இதனைக் கருத்திற்கொள்க. பதிவு கட்டாயமன்று, ஆயினும் சார்பதிவாளரிடம் பதிவு செய்வது நலம். இரகசியம் வேண்டுவோர் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கலாம்.

நீதிமன்றத்தில் புரொபேட் பெற்றாலன்றி உயிலைக் கொண்டு உரிமையை நிலைநாட்ட இயலாது என்றிருந்த நிலை, இந்தியக் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ஆனால், தகராறு எழுந்தால் சாட்சிகளுள் ஒருவரேனும் கூண்டேறி உரைக்க வேண்டியிருக்கும். ஆதலின் உம்மிலும் இளையோரைச் சாட்சியாகத் தேர்ந்துகொள்ளும்.

மீண்டும் அந்த மூன்று ஏக்கருக்கு வருவோம். சட்டம் நிலத்தைப் பின்னமாக்கிக் கொடுக்கும். கிணற்றை என்ன செய்யும்? எந்நாளில் யார் மோட்டாரைப் போடுவது, மின்கட்டணத்தை யார் கட்டுவது, உள்ளே இருக்கும் அரை ஏக்கருக்கு வண்டிப்பாதை எவ்வழி, பட்டறையில் தாய் எத்தனை மூட்டை வெங்காயம் போட்டுவைக்கலாம் என்பவற்றையெல்லாம் அந்த மண்ணில் உழுதவர்தாம் அறிவார். அவற்றை அவர் கைப்பட எழுதிவைக்கட்டும்.