ரிப்பீட்டருக்கு எந்தக் காகிதம் வேண்டும்?

நீட் முடிவு வந்த மறுநாளிலிருந்தே ஒரு கேள்வி ஆரம்பித்துவிடும். "நடுவுல சும்மா இருந்த வருஷத்துக்கு என்னன்னு காட்டுறது?" பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டோ மூன்றாண்டோ கழித்து எம்.பி.பி.எஸ். கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வீட்டில் இதைக் கேட்காதவர் இல்லை. நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் ஆலைக் குடியிருப்பிலும் சரி, ஜெகதளா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் சரி, ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவர் 'கேப் சர்டிபிகேட்' வாங்கச் சொல்வார். இன்னொருவர், ஏதாவது கிளினிக்கில் வேலை பார்த்ததாக லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், ஆள் இருக்கிறது என்பார். இந்த இரண்டாவது யோசனையைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இடைவெளியின் காரணத்தை யாரும் கேட்பதில்லை. நீட் விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய ஆண்டைக் கேட்கும். அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்காது. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு தரவரிசையையும் இட ஒதுக்கீட்டையும் பார்த்து இடம் தருகிறது. நேர்காணல் கிடையாது, கட்டுரை எழுத வேண்டியதும் கிடையாது. நீட் வருவதற்கு முன்பு தனித் தேர்வும் நேர்முகமும் நடத்திவந்த வேலூர் சி.எம்.சி.கூட இப்போது நீட் வரிசைப்படிதான் எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சேர்க்கிறது.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பாதி பயம் வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. அமெரிக்காவில் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர் தன் அனுபவங்களைப் பதினைந்து வரை பட்டியலிட்டு, தனியாக ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். பிரிட்டனில் நேர்காணல் உண்டு. படிப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானாய் என்பது அங்கே விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி. அப்படிப்பட்ட ஊரில் காலியாகக் கிடக்கும் ஓராண்டை விளக்கித்தான் ஆக வேண்டும். முதியோர் இல்லத்தில் சேவை செய்தேன் என்று எழுதினால் அதற்கு மதிப்பும் உண்டு. நியூ ஜெர்சி சித்தப்பா சொல்வது அவர் ஊருக்குச் சரி. அதைக் கேட்டுக்கொண்டு குன்னூரில் ஒருவர் பொய்ச் சேவைச் சான்றிதழ் தேடி அலைவது வீண்.

மீதிப் பயத்துக்குப் பழைய விதிகள் காரணம். நீட் எழுத மேல் வயது 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று 2018-இல் விதி வந்தது. தில்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் உச்சநீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியோடு வயது கடந்தவர்களும் எழுதினார்கள். 2022 மார்ச்சில் அந்த உச்சவரம்பே நீக்கப்பட்டது. 2017-இல் மூன்று முறைதான் எழுதலாம் என்ற பேச்சு கிளம்பி அடங்கியது. இப்போது இருப்பது கீழ் வரம்பு மட்டும்: சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தமிழக அரசுக்கு அளித்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17-இல் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 விழுக்காடு, 2020-21-இல் 71.42 விழுக்காடு. நீட் இல்லாத கடைசி ஆண்டிலிருந்து நான்கே ஆண்டில் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. பள்ளி முடித்த கையோடு இடம் வாங்குபவர்தான் இன்று குறைவு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுத வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது அந்த அறிக்கை எழுப்பிய பெரிய கேள்வி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

காரணம் கேட்பதில்லை என்றேன். காகிதங்களைக் கேட்பார்கள். சிக்கல் வருவது அங்கேதான்.

முதல் சிக்கல் டி.சி. முதல் முறை இடம் கிடைக்காமல் போனதும் பெண்ணை ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் அவள் நின்றுவிட்டு மறுபடி நீட்டுக்குப் படிப்பாள். பள்ளியின் அசல் டி.சி. அந்தக் கல்லூரியில் இருக்கும். இடம் கிடைத்த பிறகு போய்க் கேட்டால், மீதி ஆண்டுகளுக்கும் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்பார்கள். சிலர் இதற்குப் பயந்து, கல்லூரியில் சேர்ந்ததையே மறைத்து, டி.சி. தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் பள்ளியில் நகல் வாங்குகிறார்கள். வேண்டவே வேண்டாம். கடைசியாகப் படித்த இடத்தின் டி.சி.யைக் காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் வாய்ச்சண்டை போடாமல் எழுத்தில் கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். அடுத்தபடி கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், நீலகிரிக் கலைக் கல்லூரிகள் இணைந்துள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 2023-இல் வந்த விதிமுறைகள் இதற்கு வழி செய்கின்றன. கவுன்சலிங் தேதிகள் யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே டி.சி.யை நீட் எழுதிய மே மாதமே கேட்டு வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, காலாவதியாகும் சான்றிதழ்கள். மாநில ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. என்று கேட்பவர்கள் மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற சான்றை நடப்பு நிதியாண்டுக்கு எடுக்க வேண்டும். வருமானச் சான்றும் ஓராண்டுதான் செல்லும். போன வருடம் எடுத்ததை அப்படியே பதிவேற்றி, பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படும் ரிப்பீட்டர்கள் உண்டு. ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றை அந்தந்தக் கோட்டாட்சியர் அளவில்தான் தருகிறார்கள். விசாரணைக்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே கேட்பது நல்லது.

மூன்றாவது, 7.5 விழுக்காடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை மாநில அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இந்த ஒதுக்கீட்டில் ரிப்பீட்டர்களுக்கும் இடம் உண்டு. எத்தனை ஆண்டு இடைவெளி விட்டாலும் இந்த உரிமை போகாது. இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள்.

ஆலைக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. அப்பா அம்பர்நாத்திலோ கட்கியிலோ இருந்து மாற்றலாகி வந்திருப்பார். பிள்ளை சில வகுப்புகளை அங்கே படித்திருக்கும். அப்படியானால் இருப்பிடச் சான்று கேட்பார்கள், அதை எடுத்து வையுங்கள். பள்ளி முடித்த பிறகு கோச்சிங்குக்காகக் கேரளாவிலோ ராஜஸ்தானிலோ ஓராண்டு தங்கியதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பள்ளிப் படிப்பு ஆகாது. பள்ளிக்கே போகாமல் கோச்சிங்கில் உட்கார வைக்கும் 'டம்மி' பள்ளிகளின் கதை வேறு. 2024 நவம்பரில் தில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது.

சரி, கேப் சர்டிபிகேட் என்று ஒன்று இல்லவே இல்லையா? சில தனியார், நிகர்நிலைக் கல்லூரிகளும் வேறு சில மாநிலக் கல்லூரிகளும் சேர்க்கையின்போது 'பிரேக் ஆஃப் ஸ்டடி' அஃபிடவிட் கேட்கின்றன. இது யாரோ உங்களுக்குத் தரும் சான்றல்ல, நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. கல்லூரி சொல்லும் மதிப்புக்கு முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேரவில்லை; வீட்டிலிருந்து நீட் தேர்வுக்குப் படித்தேன்" என்று எழுதினால் போதும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தோட்டத்து வேலைக்குப் போனேன் என்பது உண்மையானால் அதையே எழுதலாம். எதையும் அழகுபடுத்தத் தேவையில்லை.

பொய் எழுதினால் நிலைமை மாறுகிறது. இல்லாத வேலைக்குச் சான்று தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவில் வரும். ஏமாற்றும் நோக்கம் இருந்தால் ஏழாண்டு வரை சிறை. அதை உண்மைபோல் நீட்டுவது 340-ஆம் பிரிவு. 2019-இல் தேனி மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டம் வெளியானபோது பிள்ளையோடு பெற்றோரும் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனார்கள். ஒன்றுமே தேவைப்படாத இடத்தில் போலி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்!

இடைவெளி ஆண்டின் பெரும்பணம் கோச்சிங்குக்குப் போகிறது. நாமக்கல், ராசிபுரம் விடுதிகளில் பிள்ளையைச் சேர்த்து, இரண்டு மாதத்தில் முடியாமல் திரும்பக் கூட்டிவந்த பெற்றோருக்குப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை. முழுக் கட்டணம் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை, விடுதிக் கட்டணம் உட்பட, பத்து நாளில் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. வழிகாட்டுதல்தான், சட்டமல்ல. ஆனாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யவும், ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் அது கைகொடுக்கும். ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே மனுக்கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-ஐ அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதில் வருமான வரம்பு இல்லை.

வீட்டிலேயே அடைந்து படிக்கும் பிள்ளை பேச்சைக் குறைத்தால், தூக்கம் கெட்டால், மதிப்பெண் பேச்சைச் சில நாள் நிறுத்திவையுங்கள். மனநல ஆலோசனைக்கு 104, 14416 இரண்டு எண்களிலும் தமிழிலேயே பேசலாம்.

இடம் கிடைக்காமல் வெளிநாடு போக நினைப்பவர்களுக்குத்தான் இடைவெளி உண்மையிலேயே கணக்கு. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேரவும் நீட் தகுதி வேண்டும்; அது மூன்றாண்டுதான் செல்லும். நான்காண்டுக்கு முந்தைய மதிப்பெண்ணை வைத்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிற ஏஜென்டை நம்பிப் போகிறவருக்குச் சேர்க்கை கிடைத்துவிடும். படித்து முடித்து ஊர் திரும்பி, இங்கே தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் மாட்டிக்கொள்வார். 2021 நவம்பர் விதிமுறைப்படி படிப்பு ஆங்கிலத்தில் குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் இவை எல்லாவற்றையும் ஏஜென்டிடம் எழுதிக் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவருக்குப் பணம் கட்ட வேண்டாம்.