பரணில் பறந்த அம்பு

'ஜெட் செட் வில்லி' என்ற வீடியோ கேமின் கதையை, டீயில் ஆடை படர்வதற்குள் சொல்லிவிடலாம். சுரங்கத் தொழிலாளி வில்லியின் கையில் திடீரென்று காசு புரள்கிறது. பெரிய மாளிகை வாங்கி, ராத்திரி முழுக்க விருந்து வைக்கிறான். விருந்தாளிகள் போனதும் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டு வேலை பார்க்கும் மரியா நிற்கிறாள். கிட்டே போனால் கையை நீட்டி விரட்டுகிறாள். இறைந்து கிடப்பதையெல்லாம் பொறுக்கிவிட்டு வந்து படு என்கிறாள். பொறுக்க வேண்டியவை 83. தேடி அலைய வேண்டிய அறைகள் 60.

1984-இல் இங்கிலாந்தில் வந்தது இது. எழுதியவர் மேத்யூ ஸ்மித். முந்தைய ஆண்டுதான், 17 வயதில், 'மேனிக் மைனர்' எழுதிப் பெயர் வாங்கியிருந்தார். இரண்டுமே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக எழுதியவை. ரப்பர் பொத்தான்கள், திரைக்கு வீட்டு டிவி, கேமை ஏற்ற டேப் ரிக்கார்டர். கேசட் கீச்கீச்சென்று கத்தி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும்.

ஏற்றுவதைவிட ஆடி முடிப்பதுதான் பெரும்பாடு. ஏன் அவ்வளவு கஷ்டம்? வில்லிக்குத் தெரிந்தது மூன்றே வேலை: இடது பக்கம் நடப்பான், வலது பக்கம் நடப்பான், தாவுவான். தாவினால் தாவியதுதான். பின்னால் வந்த கேம்களில் அந்தரத்தில் இருக்கும்போதே கொஞ்சம் இப்படி அப்படித் திருப்பிக்கொள்ளலாம். வில்லிக்கு அந்தச் சலுகை கிடையாது. எப்போதும் அதே உயரம், அதே வளைவு. ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தில் கால் ஊன்றி, எந்த நொடியில் கிளம்பினான் என்பதுதான் கணக்கு. அரையடி முன்பின் போனால் ஓர் உயிர் போச்சு.

இதில் ஒரு நியாயமும் உண்டு. வில்லியும் எதிரியும் மோதினார்களா என்பதை ஸ்மித் புள்ளி புள்ளியாகப் பார்த்தார். எதிரியைத் திரையில் வரையும்போது அதன் ஒரு புள்ளியாவது வில்லியின் புள்ளிமேல் விழுந்தால் மரணம், விழாவிட்டால் தப்பித்தான். அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் உருவத்தைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொண்டு, பெட்டியும் பெட்டியும் உரசினாலே கொன்றுவிடுவார்கள். வில்லி மயிரிழையில் தப்பினால் நிஜமாகவே தப்பினான் என்று பொருள். திரும்பத் திரும்ப ஆட வைத்தது இந்த நாணயம்தான் என்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த நாணயம் தவறுகிறது. செத்தவன் அந்த அறைக்குள் எப்படி நுழைந்தானோ அப்படியே மறுபடி நுழைவான் என்பது விதி. மேல் அறையிலிருந்து ஆபத்தான உயரத்தில் விழுந்துகொண்டே நுழைந்திருந்தால்? அடுத்த உயிரும் விழுந்துகொண்டேதான் பிறக்கும். அதுவும் சாகும். அதற்கடுத்ததும். பொத்தானில் கை வைக்காமலே மிச்சமிருந்த உயிர்கள் வரிசையாகப் போவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். இடையில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. மறுபடி முதலிலிருந்து.

மாளிகைக்குள் என்னென்னவோ அலைகின்றன. சவரக் கத்திகள், பறக்கும் பன்றி. 'கெட்ட கனவு அறை'யில் நுழைந்தால் வில்லியே சிறகுள்ள பன்றியாகிவிடுகிறான், மரியாக்கள் எதிரிகளாக வருகிறார்கள். இன்னொரு இடத்துக்கு 'ஆலமரம்' என்று பெயர். இங்கிலாந்து மாளிகையில் ஆலமரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் எது வேண்டுமென்றே செய்த குறும்பு, எது கைதவறி விழுந்த பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பரண் விவகாரம் அங்கேதான் தொடங்கியது.

வீட்டின் உச்சியில் பரண். அதற்குள் போய் வந்தவர்களுக்கு அதன்பின் விசித்திரமான அனுபவங்கள். சில அறைகளில் நுழைந்த கணமே சாவு. தேவாலய அறையிலோ எதிரிகளே காணோம். கேமை முதலிலிருந்து தொடங்கினாலும் அதே கதி.

காரணம் பரணில் பறக்கும் ஓர் அம்பு. ஸ்பெக்ட்ரமின் 48 கிலோபைட் நினைவகத்தில் திரைப் படத்துக்கு மட்டும் 6,912 பைட். மிச்சத்தில்தான் கேமின் கட்டளைகள், அறைகளின் விவரம் எல்லாம். நடுவில் சுவர் கிடையாது. ஒரே நோட்டில் முன்பக்கங்களில் குழந்தை படம் வரைய, அடுத்த பக்கத்தில் பால் கணக்கு எழுதி வைத்ததைப் போன்ற ஏற்பாடு. அம்பின் பாதையில் இருந்த ஒரு தவறால், அது திரைக்கான பகுதி முடிந்த பிறகும் பறந்துகொண்டே இருந்தது. போகிற வழியில் அறைகளின் விவரங்கள்மேல் தன்னை வரைந்து அழித்துவிட்டது. கேசட்டைப் போட்டு மறுபடி ஏற்றும்வரை அந்த அழிவு நினைவகத்திலேயே தங்கிவிடும்.

வெளியிட்ட சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ் நிறுவனம் முதலில் சொன்ன பதில் ரசிக்கத்தக்கது. அந்த அறைகளில் விஷவாயு நிரம்பியிருக்கிறதாம், கேம் கடினமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்தார்களாம்! பன்றி பறக்கிற வீட்டில் விஷவாயு இருக்கக்கூடாதா என்ன? நம்பும்படியாகத்தான் இருந்தது. பிறகு அதைக் கைவிட்டு, திருத்தங்களை வெளியிட்டார்கள். 'போக்' என்று ஒரு கட்டளை. நினைவகத்தின் இன்ன இடத்தில் இன்ன எண்ணை வை என்று சொல்லும். கேம் தொடங்குமுன் சில வரிகளைக் கையால் தட்டினால் அம்பு அடங்கிவிடும். ஆலமரத்திலும் வேறு சில இடங்களிலும் இருந்த சிக்கல்களுக்கும் இதே வைத்தியம்தான். அதாவது கடையில் காசு கொடுத்து வாங்கிய கேசட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு கெட்டிக்காரரானாலும், நேர்வழியில் இந்தக் கேமை முடித்திருக்கவே முடியாது.

திருத்தங்களைத் தட்டி, 83 பொருளையும் பொறுக்கி முடித்தால் மரியா வழிவிடுகிறாள். வில்லி கட்டிலைத் தொடுகிறான். படுப்பதில்லை. குடித்த குடிக்கு வயிறு புரட்ட, ஒரே ஓட்டமாகக் குளியலறைக்குப் போய்க் கழிப்பறைக் கோப்பைக்குள் தலைகுப்புற விழுகிறான். கேம் முடிந்தது.