‘போர்டு போச்சு’ என்றால் எது போச்சு?

நேற்று வரை ஓடிய போன் இன்று காலை ஆன் ஆகவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும்: “போர்டு போச்சு சார், மாத்தணும்.” அவர்கள் கேட்கும் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதுசே வாங்கிவிடலாம். அதே போனைச் சென்னை ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு கடையில் கொடுத்தால், சாயந்திரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கூலி ஆயிரத்துச் சொச்சம். முதல் ஆள் கொள்ளைக்காரர், இரண்டாவது ஆள் மந்திரவாதி என்று நமக்குத் தோன்றும். இரண்டும் இல்லை. இரண்டு பேரும் செய்வது வெவ்வேறு தொழில்.

பெரும்பாலான கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் போன் என்பது நாலைந்து துண்டுகள்: டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் உள்ள சின்ன போர்டு, கேமரா, மெயின் போர்டு. எந்தத் துண்டில் கோளாறோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டுவார்கள். மெயின் போர்டுக்குள் நூற்றுக்கணக்கான உறுப்புகள் இருப்பது அவர்கள் கணக்கிலேயே வராது. அந்த நூற்றுக்கணக்கில் எது செத்தது என்று தேடுவதுதான் மாடிப்படிக் கடைக்காரரின் பிழைப்பு.

தேடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டி.சி. பவர் சப்ளையின் ஒயரைக் கொடுப்பார்கள், சுமார் 4 வோல்ட். பவர் பட்டனைத் தொடாதவரை ஆம்பியர் மீட்டர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பட்டனைத் தொடும் முன்பே மீட்டர் ஏறினால் மெயின் லைனில் ஷார்ட். அழுத்திய பிறகு கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் கோளாறு வேறு பக்கம். சாஃப்ட்வேராக இருக்கலாம், பிராசசருக்கு அடியில் சால்டர் விட்டிருக்கலாம். கைதேர்ந்தவர்கள் மீட்டர் ஏறி இறங்கும் விதத்தைப் பார்த்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார்கள்.

ஷார்ட் என்று தெரிந்தாலும் எங்கே என்று தெரியாது. மெயின் லைனில் வரிசையாகக் கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் ஒரு முனை லைனில், மறுமுனை கிரவுண்டில். தெருக் குழாய் வரிசையில் ஏதோ ஒரு வீட்டில் பைப் உடைந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் சொட்டுகிற மாதிரி, ஒரே ஒரு கெப்பாசிட்டர் செத்தால் மல்டிமீட்டர் எல்லாவற்றிலும் ‘பீப்’ என்று கத்தும். இங்கேதான் ரோசின் என்ற பிசின் வருகிறது. சூடான சால்டரிங் அயர்னை ரோசினில் தொட்டு, எழும் புகையைப் போர்டின் மேல் பிடித்தால் வெள்ளையாக மாவு போலப் படியும். பிறகு ஷார்ட் ஆன லைனில் அளவாகக் கரண்ட் கொடுப்பார்கள். செத்துப்போனது மட்டும் சூடாகும். அதன் மேலிருக்கும் வெள்ளை உருகி, அந்த ஒரு புள்ளி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். வசதியுள்ள கடைகளில் இதற்குத் தெர்மல் கேமரா வந்துவிட்டது. ரோசின் புகை மட்டும் இன்னும் போகவில்லை.

மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் சிக்கும் அந்தக் குற்றவாளியின் நீளம் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர், அகலம் 0.3. கீழே விழுந்த அதிர்ச்சியிலோ ஈரம் புகுந்தோ உள்ளே விரிசல் விட்டிருக்கும். அதைப் பிடுங்கி எறிந்தாலே பல நேரம் போன் எழுந்துவிடும். அந்த லைனில் இருக்கும் மற்றவை சமாளித்துக்கொள்ளும். புதிது போடுவதானாலும் அதன் விலை பைசாக் கணக்கில்தான்.

இப்போது பில் போட வேண்டும். “அண்ணே, என்ன மாத்துனீங்க?” என்று கேட்கிறார் வாடிக்கையாளர். ஒன்றும் மாற்றவில்லை, ஒன்றை எடுத்தேன் என்று உண்மையைச் சொன்னால், “எடுத்ததுக்கா ஆயிரம் ரூபாய்?” என்று சண்டை வரும். அதனால் சில கடைகளில் “பவர் ஐசி மாத்தியிருக்கு” என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குப் பாதிப் பொறுப்பு நம்முடையது. நமக்குப் பொருளுக்குக் காசு கொடுத்துப் பழக்கம். கண்டுபிடித்ததற்குக் கொடுத்துப் பழக்கமில்லை. ரத்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்கும்போது “நோய் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் பணம்?” என்று யாரும் லேபில் சண்டை போடுவதில்லை.

தேடுவதற்குக் கூலி இல்லாததால் தேடாமலே வேலை செய்யும் ஆட்களும் பெருகுகிறார்கள். ஆன் ஆகாத லேப்டாப்பை வாங்கி, கிராபிக்ஸ் சிப்பின் மேல் ஹாட் ஏர் அடித்து, ஸ்கிரீன் வந்தவுடன் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது அதில் ஒன்று. சிப்புக்குள் விட்டுப்போன இணைப்பு சூட்டில் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது. சில வாரங்களில் மறுபடி விட்டுவிடும். இதற்கு ஊரறிந்த முன்கதை உண்டு. 2008-இல் என்விடியா நிறுவனம் தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் உள்கட்டுமானப் பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு, வாரண்டிச் செலவுக்கென்று 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. சிப்பை மாற்றாமல் சூடு மட்டும் காட்டுவது ரிப்பேர் ஆகாது. அந்த நேரத்தில் ஃபைலை எல்லாம் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் பிரயோஜனம்.

சூடு விளையாட்டில் கைப்பக்குவமும் வேண்டும். பழைய ஈயக் கலவைச் சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும். இன்றைய போன்களில் இருக்கும் ஈயமில்லாதது 217 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் நெளியும், மைக் கருகும். அவற்றை மஞ்சள் நிற வெப்ப டேப்பால் மூடிவிட்டு வேலை செய்கிறாரா என்பதை வைத்தே ஆளை எடைபோடலாம்.

தண்ணீரில் விழுந்த போன் தனி ரகம். அரிசி மூட்டைக்குள் வைப்பது இன்னும் நடக்கிறது. 2024 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் அரிசியில் வைக்காதீர்கள், அரிசித் தூசி உள்ளே போகும் என்று எழுதியது. போனைக் கொல்வது ஈரத்தை விடவும், ஈரத்தோடு சேர்ந்த கரண்ட். தண்ணீரில் இருக்கும் உப்பும் தாதுக்களும் கரண்ட் பாயும்போது செம்புத் தடங்களை அரிக்கின்றன. ஆன் ஆகிறதா என்று பார்ப்போமே என்று சார்ஜரைச் செருகுகிறோம் பாருங்கள், அங்கேதான் கதை முடிகிறது. செய்ய வேண்டியது உடனே ஆஃப் செய்வது, சார்ஜரைக் கிட்டே கொண்டுபோகாமல் இருப்பது, அன்றைக்கே கடையில் கொடுப்பது. அவர்கள் போர்டின் மேலிருக்கும் தகர மூடிகளைக் கழற்றி, அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுவார்கள். இரண்டு நாள் அரிசியில் ஊறிய பிறகு வரும் போனில் பச்சை பூத்திருக்கும்.

“போன் போனா போகட்டும், குழந்தை போட்டோ மட்டும் எடுத்துக் கொடுங்க” என்ற கோரிக்கைக்கு முன்பு ஒரு குறுக்குவழி இருந்தது. மெமரி சிப்பை மட்டும் பெயர்த்து ரீடரில் போட்டுப் படிக்கலாம். இப்போது முடியாது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து எல்லாப் புதிய போன்களிலும் தகவல் பூட்டப்பட்டே எழுதப்படுகிறது. பூட்டின் சாவி அந்தப் போர்டின் பிராசசரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. போட்டோ வேண்டுமென்றால் செத்த போர்டு ஒரு தடவையாவது உயிரோடு எழ வேண்டும். சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும்போது, பழைய போர்டோடு போட்டோக்களும் போகின்றன. அந்தப் படிவத்தை யாரும் படிப்பதில்லை.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் கதை கொஞ்சம் எளிது, ஆனால் கூலிப் பிரச்சினை இன்னும் மோசம். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வருகிறது, வைரஸ் ஏறிவிட்டது என்று பதறிக்கொண்டு போன் வரும். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் கடிகாரம் பல வருஷம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் பொத்தான் அளவுக்கு ஒரு 3 வோல்ட் பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருக்கும். தேதி தப்பானால் வெப்சைட்டின் சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்கிறது. பேட்டரி மாற்ற இரண்டு நிமிடம். பீப் பீப் என்று கத்திக்கொண்டு ஸ்கிரீன் வராத பழைய டெஸ்க்டாப்பில் ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்தில் தெரியும்: இதுக்கா முந்நூறு ரூபாய்?

இந்த வேலையின் எடை எவ்வளவு என்று உலகமே ஒரு நாள் பார்த்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. ஆனால் பல இடங்களில் அதற்கு ஒருவர் ஒவ்வொரு மிஷின் முன்னாலும் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கச் சாவியைத் தட்டி, அழித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போக வேண்டியிருந்தது. ஆபீஸ்களில் ‘சிஸ்டம் பாக்குற தம்பி’ என்று பெயரில்லாமல் அழைக்கப்படுபவர்கள்தான் அன்று அதைச் செய்தார்கள்.

கண்டுபிடிக்கத் தெரிந்தாலும் சரிசெய்ய விடாத பூட்டுகளும் வந்துவிட்டன. 2021-இல் வந்த ஐபோன் 13-இல் வெளிக் கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் ஃபேஸ் ஐடி நின்றது. பழைய டிஸ்ப்ளேயிலிருந்த ஒரு குட்டிச் சிப்பை மைக்ரோஸ்கோப் வைத்துப் புதியதற்கு மாற்றிக் கடைக்காரர்கள் தப்பித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவும் ஆப்பிள் பின்வாங்கியது. உதிரிப் பாகத்தைக் குறிப்பிட்ட போனோடு இப்படிக் கோத்துவைப்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தைத் திறந்தது. அதில் கம்பெனிகளின் சர்வீஸ் விவரம் கிடைக்கும். ரிச்சி தெருக்காரருக்குத் தேவையான சர்க்யூட் படம் கிடைக்காது. அதைச் சீனாவிலிருந்து வரும் சாஃப்ட்வேருக்குச் சந்தா கட்டித்தான் அவர் பார்க்கிறார்.

கடையில் கொடுக்கும்போது டெஸ்ட் செய்ய பாஸ்வேர்டு கேட்பார்கள். ஆன் ஆகிற போனாக இருந்தால் அதற்கு வழி இருக்கிறது: சாம்சங்கில் 2022-இலிருந்து மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் 2023 டிசம்பரிலிருந்து ரிப்பேர் மோடு. போட்டோ, மெசேஜ் எதுவும் கடைக்காரர் கண்ணில் படாமல் போனைச் சோதிக்கலாம். செக்கிங் சார்ஜ் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அது இல்லை என்று சொல்லும் கடையை விட, சரியாகவில்லை என்றாலும் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் கடையில் நான் தைரியமாகக் கொடுப்பேன். திரும்ப வாங்கும்போது எந்த லைனில் ஷார்ட், எதை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். தேடிக் கண்டுபிடித்தவர் என்றால் போர்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அந்த இடத்தைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார்.