மலையடிவாரப் பள்ளிக்கூடங்கள் – 23: பாண்டியன் முன்கூட்டியே சொன்ன நன்றி

கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றி எழுதுகிறேன் என்று போன வாரம் முடித்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம் சேர்க்கைப் பதிவேடு. தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் ஏறியவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடில் இந்த வாரம் வராது. பக்கம் அச்சுக்குப் போகிற நேரத்தில் தென்காசிப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளி ஒன்றின் கிறிஸ்துமஸ் விழாவுக்கும் சிவன் கோயில் கல்வெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

முதலில் விழா. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அரசு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. கூரை, சுவர், கக்கூஸ் கதவு எல்லாம் நிர்வாகத்தின் தலைவலி. இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மேலே இருப்பது பாளையங்கோட்டை மறைமாவட்டம்; 1973-ல் மதுரையிலிருந்து பிரிந்தது. பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்று தலைமையாசிரியை சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “நல்லதா எழுதினாலும் போடாதீங்க சார். நல்லதா எழுதினா பக்கத்து ஸ்கூல்ல கேப்பாங்க.”

தொடக்கப் பள்ளிக்கு டிசம்பர் ஆண்டு முடிவே இல்லை. பள்ளிக்கூட ஆண்டு ஏப்ரலில்தான் முடியும். திருச்சபைக்கோ திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோடு, அதாவது 2025 நவம்பர் 30 அன்றே, புத்தாண்டு பிறந்துவிட்டது. காலண்டர் ஆண்டு 31-ஆம் தேதி நள்ளிரவு வரை இழுக்கிறது. ஆக ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் டிசம்பர் மூன்றாவது வாரம் என்பது ஒன்று தொடங்கி, ஒன்று நடுவில் இருக்க, ஒன்று முடிகிற வாரம். போதாததற்குப் பருவத் தேர்வு. பேருக்கு இரண்டாம் பருவம், வாய்வழக்கில் எல்லோருக்கும் அரையாண்டுதான். தேர்வுத் தாளைத் திருத்திக்கொண்டே டீச்சர்கள் நட்சத்திரத்துக்குக் கலர் தாள் வெட்டுகிறார்கள். இந்த ஆண்டு அவர்கள் மேஜையில் மூன்றாவதாக ஒன்றும் கிடந்தது: டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான கையேடு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு பணியில் இருக்கிற ஆசிரியர்களையும் தேர்வெழுதச் சொல்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளின் நிலையைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தள்ளியும் வைத்திருக்கிறது. எதற்கும் படித்து வைப்போம் என்று இருபது வருட அனுபவக்காரர்கள் குழந்தை உளவியலை மனப்பாடம் செய்கிறார்கள். இதைப் பற்றி எனக்கு ஒரு கட்டுரை அளவுக்குக் கோபம் இருக்கிறது. வேறொரு வாரம்.

வெளியூர்க்காரர்களுக்குக் குற்றாலம் என்றால் ஆனி ஆடிச் சாரல். டிசம்பரில் வருகிற கூட்டம் வேறு. கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஐயப்ப சாமிகள் பேரருவியில் குளித்துவிட்டுச் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறுகிறார்கள். மழை வேறு எப்போது என்ன செய்யுமோ தெரியாது. 2024-ல் இதே டிசம்பர் நடுவில் பேரருவிக்கரைக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இந்த ஊரில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டால் என்ன ஆகும்? மூன்றாம் வகுப்பில் மாலை போட்டிருந்த பையன் ஒருவனுக்கு இடையன் வேஷம். கறுப்பு வேட்டியை அவிழ்க்க முடியாது என்பதால் அப்படியே ஒரு துண்டைத் தலையில் கட்டி, கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள். மாலை போட்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதே. ஒத்திகையில் டீச்சர் எட்டு வயசுப் பையனிடம், “சாமி, நீங்க ஆட்டுக்குட்டி பக்கத்துல நில்லுங்க. சாமி, மூக்க நோண்டாதீங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மரியாவாக வந்த பிள்ளை முஸ்லிம் வீட்டுப் பெண். குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருப்பதால் அந்த வீட்டில் ஆட்சேபம் ஒன்றும் எழவில்லையாம்.

இனி நன்றியுரை. நம் ஊர் நன்றியுரைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. தாளாளர் தந்தை, வட்டாரக் கல்வி அலுவலர், கவுன்சிலர், கேக் வாங்கித் தந்த வியாபாரி என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் ஒலிபெருக்கி அமைத்துத் தந்தவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரைச் சொல்லும்போது ஜனம் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருக்கும். இந்த வரிசையில் இருக்கிறவர்கள் எல்லாருமே எதையோ கொடுத்தவர்கள், வாங்கித் தந்தவர்கள், திறந்து வைத்தவர்கள். தினமும் பார்த்துக்கொண்டவர்கள் இந்தப் படிக்கட்டில் வருவதே இல்லை. இந்தத் தொடர் முழுக்க நான் புலம்பிக்கொண்டிருப்பது இதைத்தான்.

அங்கேதான் பாண்டியன் வந்தான்.

தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 15-ஆம் நூற்றாண்டு. கனவில் சிவன் வந்து எறும்புச் சாரையைப் பின்தொடரச் சொன்ன கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் பாட்டாகவே வெட்டி வைத்த கல்வெட்டுகள் அங்கே உண்டு. அதில் ஒன்றின் பொருளை என் வார்த்தையில் சொல்கிறேன்: இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதாவது என்றைக்காவது வந்தால், அன்றைக்கு வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றப் போகிறவர்கள் யாராயிருந்தாலும், அவர்களை உலகம் அறிய நான் இப்போதே பணிகிறேன். கும்பிட்டவன் ராஜா. கும்பிடப்பட்டவர் இன்னும் பிறக்கவே இல்லை.

இப்படிச் சொன்னதில் இவன் முதல் ஆள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தமிழ்க் கல்வெட்டுகளின் கடைசி வரியில், இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று முடிப்பது வழக்கம். கூடவே கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வரும் என்று அழிக்கிறவனுக்கு ஒரு சாபமும் இருக்கும். அது அச்சடித்த படிவம் மாதிரி. பத்திரத்தில் ‘முழு மனதுடன்’ என்று எழுதுவது போல எழுதப்பட்டது. பராக்கிரமன் அந்தப் படிவ வாசகத்தை எடுத்துப் பாட்டாக்கி, தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். காரணம் அவன் பிறந்த குலம் என்று நினைக்கிறேன். 1311-ல் மாலிக் காபூர் படை வந்ததிலிருந்து ஆட்டம் கண்டு, பின்னால் மதுரையையே விட்டுத் தெற்கே ஒதுங்கிய பாண்டியரின் வழியில் வந்தவன் அவன். கல்லாய்க் கட்டினாலும் நிற்காது என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருப்பான்.

அவன் பயந்தபடியே நடந்தது. இடி விழுந்தது என்பார்கள். கோபுரம் சிதைந்து, பல தலைமுறை மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பழைய ஆட்களைக் கேட்டால் கோபுரம் இல்லாத தென்காசியைச் சொல்வார்கள். பிறகு சிவந்தி ஆதித்தனார் முன்னின்று ஒன்பது நிலை, சுமார் 178 அடி உயரத்தில் எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். 2025 ஏப்ரல் 7 அன்றும் ஒரு குடமுழுக்கு. ராஜா போட்ட கும்பிடு ஐந்நூறு வருஷம் காத்திருந்து, சாரம் கட்டியவர், சுதை பூசியவர், சுண்ணாம்பு சுமந்தவர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாசலில் மலைக்காற்று ஆளையே தள்ளும். அதையும் மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

இதைச் சிஸ்டரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அண்ணாந்து மூன்றாம் வகுப்பின் ஓட்டைப் பார்த்தார். “அப்படின்னா இந்த ஓட்ட மாத்திக் குடுக்கப் போறவருக்கும் இப்பவே ஒரு நன்றி சொல்லிருவோமா சார்? வேகமா வருவாரு.”

சிரித்தாலும், தெரியாதவருக்கு நன்றி சொல்லும் வழி ஒன்று அவரிடம் இருந்தது. கன்னியர் மடங்களில் பழகியவர்களுக்குக் ‘கிறிஸ்மா’ விளையாட்டு தெரியும். திருவருகைக் காலத் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் உங்கள் கிறிஸ்சைல்ட். நீங்கள் அவருக்குக் கிறிஸ்மா. விழா வரைக்கும் மூச்சு விடக் கூடாது. ரகசியமாக அவருக்காகச் செபிக்க வேண்டும், சின்னச் சின்னதாக ஏதாவது வைக்க வேண்டும். இங்கே நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அதை நடத்துகிறார்கள். பத்து ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பென்சில், ரப்பர், தேன்மிட்டாய், யாரோ ஒருத்தன் பத்திரமாகத் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்த மயிலிறகு. முக்கியமானது, வாங்கிக்கொண்டவர் நன்றிச் சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட வேண்டும், யாருக்கு என்று தெரியாமலே. “யாருன்னு தெரிஞ்சா அவ ஃபிரண்டுக்கு நல்லா எழுதுவா, சண்டக்காரிக்கு மோசமா எழுதுவா. தெரியலைன்னா எல்லாருக்கும் நல்லாத்தான் எழுதணும்” என்றார் சிஸ்டர். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தலைமையாசிரியை அறைக்கு வந்து தன் பாரத்தை இறக்கிவிட்டாள்: “யாருன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு சிஸ்டர். ஆனா தெரியாத மாதிரியே எழுதிருக்கேன்.”

முகம் தெரியாதவருக்குக் கொடுப்பது இந்தப் பள்ளிகளின் பழைய பாடம். 1843-ல் பிரான்சின் நான்சி மறைமாவட்ட ஆயர் ஃபோர்பன்-ஜான்சோன் தொடங்கிய பாலர் சபைக்கு இருந்த விதி இவ்வளவே: ஒரு பிள்ளை நாளுக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல வேண்டும், மாதத்துக்கு ஒரு காசு போட வேண்டும். முதலில் சீனத்துக் குழந்தைகளுக்காக. கொடுத்த பிள்ளையும் வாங்கிய பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கப் போவதே இல்லை. டிசம்பர் 31 இரவு நன்றி வழிபாட்டில் பாடுகிற ‘தே தேயும்’ என்ற நன்றிப் பாட்டு கூட அப்படித்தான். 387-ல் அகுஸ்தீனார் திருமுழுக்குப் பெற்றபோது அவரும் அம்புரோசியாரும் மாறி மாறிப் பாடினார்கள் என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். இன்றைய ஆய்வாளர் பலர் அதை நம்புவதில்லை; ரெமெசியானா ஊர் நிசேத்தா என்ற ஆயரைக் கைகாட்டுகிறார்கள். திருச்சபையின் மிகப் பெரிய நன்றிப் பாட்டுக்கு இன்னார்தான் ஆசிரியர் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை.

இந்த விழாவின் நன்றியுரையில் இம்முறை ஒரு திருத்தம் செய்தார்கள். கல்வெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் உளறுவதற்கு முன்பே சிஸ்டர் முடிவு செய்திருந்தார். படிக்கட்டின் முதல் படியில் காலை உணவு சமைக்கிற அக்காமார் இருவர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது உதவிபெறும் பள்ளிகள் அதில் இல்லை. ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போக, ஆர்.சி. பள்ளிப் பிள்ளை வெறும் வயிற்றோடு போயிற்று. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில் வைத்து ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்தார்கள். நகரப் பகுதிக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26. மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் தொடக்கம், 2,429 பள்ளிகள், 3 லட்சத்துச் சொச்சம் பிள்ளைகள். இரண்டு முறையும் தொடங்கி வைக்கத் தேர்ந்தது கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளை என்பதை இந்தப் பக்கத்துச் சிஸ்டர்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய அதிகாரி யாரோ, அவருக்கு என் கும்பிடு. தன் பிள்ளை உட்காரும் பந்திக்கு யாரும் ரவையை அள்ளிப் பதுக்க மாட்டார்கள்.

அக்காமார் விடிகிறதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். டிசம்பர் மழையில் அடுப்பங்கரைக்குக் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் வேறு வேலைக்கு ஓடியாக வேண்டும். விழா பதினொரு மணிக்கு. ஆகையால் மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் கைதட்டியபோது இரண்டு பேருமே அங்கே இல்லை.

மறுநாள் காலை அடுப்பங்கரையில் ஓர் அக்காவைப் பார்த்தேன். பொங்கலைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “எம் மக வந்து சொன்னா. பெருசா கை தட்டுனாவளாம். எம் பேர மட்டும் மாத்தி வாசிச்சிட்டாவளாம். அதனால என்ன, அந்தப் பேருக்காரி யாரோ, அவளும் எங்கயாவது ஆக்கிப் போடுதவளாத்தான இருப்பா.”

குடில் அடுத்த வாரம் கட்டாயம். ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரத் தட்டில் கேப்பை விதைத்திருக்கிறார்கள், புல்தரைக்கு. அம்மன் கோயில் முளைப்பாரி பார்த்த கண்ணுக்கு அது புதிதல்ல. பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4, பார்பரா திருநாளில், மூன்று தட்டில் கோதுமையை முளைக்கப் போட்டுக் குடிலில் வைக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன், இடையில் வேறு கல்வெட்டு எதுவும் மறிக்காவிட்டால்.

(தொடரும்)