மாடிப்படியில் கால் பழகும். மூச்சு பழகுவது மலையில்தான்

எஸ்.பி.எம். முடிந்ததும் கினாபாலு மலை ஏற வேண்டும் என்று சொல்லும் மாணவர்களை ஜொகூரில் அடிக்கடி சந்திக்கிறேன். காலணி எது நல்லது, குளிராடை எங்கே மலிவு என்றெல்லாம் கேட்கிறார்கள். மலையில் காற்று எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

நம் மாநிலத்தின் மிக உயர்ந்த மலையான தங்காக் வட்டாரத்து லேடாங் 1,276 மீட்டர்தான். (அதன் இளவரசியின் கதை தெரிந்தவர்கள் மலையில் ஏறியவர்களைவிட அதிகம்!) சபாவின் கினாபாலு 4,095 மீட்டர். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடாகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது குறைகிறது.

ஜொகூர் பாருவில் இருந்தபடியே காலையும் இதயத்தையும் தயார் செய்யலாம். அடுக்குமாடி வீட்டின் படிகளே போதும். நான் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் நான்கைப் பையில் போட்டுக்கொண்டு, வாரம் மூன்று நாள் பத்து மாடி ஏறி இறங்கினேன். இறங்குவதையும் பழக வேண்டும். கினாபாலுவில் முழங்கால் வலிப்பது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான். மூன்று மாதம் இப்படிச் செய்து, இடையில் லேடாங்கும் ஏறினால் கால்கள் தேறிவிடும். மலைக்காற்றுக்குப் பழக்கும் என்று விற்கப்படும் முகமூடிக்குக் காசு கொடுக்க வேண்டாம். அது மூச்சு விடுவதைக் கடினமாக்குமே தவிர, உள்ளே போகும் காற்று அதே கடல்மட்டக் காற்றுதான்.

உயரத்துக்குப் பழகுவது வேறு கதை. மேலே போனதும் மூச்சு வேகமாகிறது. அதனால் இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாள் ஆகும். புதிய சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் பிடிக்கும். இதைப் படிக்கட்டில் சம்பாதிக்க முடியாது.

1997 மே 23-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களான எம். மகேந்திரன், என். மோகனதாஸ் இருவரும் இதே தாழ்நிலத்திலிருந்து போனவர்கள்தாம். அந்த மலையில் ஏறுவோர் 5,300 மீட்டருக்கு மேலுள்ள அடிவார முகாமில் வாரக்கணக்கில் தங்கி, மேல் முகாம்களுக்கு ஏறி இறங்கித்தான் உடலைப் பழக்குகிறார்கள்.

கினாபாலுவிலோ முதல் நாள் 1,866 மீட்டரில் புறப்பட்டு, சுமார் 3,270 மீட்டரில் உள்ள பானா லாபானில் உறங்கி, விடியுமுன் உச்சிக்குக் கிளம்புகிறோம். உடலுக்கு அவகாசமே இல்லை. ஆகவே விமானம் இறங்கிய கையோடு ஏறாமல், மலையடிவாரத்துக் குண்டாசாங்கில் ஓரிரு இரவு தங்குங்கள். பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் ஏறுங்கள். படிகளை நிற்காமல் ஏறிய நானே உச்சிப் பாறையில் இருபது அடிக்கு ஒருமுறை நின்றேன்.

உடல்வலிமை மலைநோயைத் தடுக்காது. வேகமாக ஏறும் இளைஞர்களும் அதில் சிக்குகிறார்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் மேலே ஏறாமல் வழிகாட்டியிடம் உடனே சொல்ல வேண்டும். கட்டிய பணம் போய்விடுமே, நண்பர்கள் கேலி செய்வார்களே என்று மறைப்பதுதான் ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். அது உயிரைப் பறிக்கும். விடியும்வரை காத்திராமல் துணையோடு கீழே இறக்க வேண்டும்.

ஆஸ்துமா, இரத்தசோகை உள்ளவர்கள் முன்பே மருத்துவரைப் பார்ப்பது அவசியம். மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நண்பரிடம் மீதமிருந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.